அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட தேவசகாயம்

போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். கையில் செல்போன். அதில் சட்டமன்றக் கேள்வி நேரம், நேரலை. பக்கத்தில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் முந்தானை நுனி.

சட்டமன்றத்தை அவ்வளவு ஆர்வமாக நான் பார்த்ததே இல்லை. நீங்கள்? உண்மையைச் சொல்லுங்கள். சேனல் மாற்றும்போது குறுக்கே வந்தால் அரை நிமிஷம் பார்ப்போம். யாராவது எழுந்து கத்தினால் இன்னொரு அரை நிமிஷம். அவ்வளவுதானே?

அன்றைக்கு மட்டும் கண் கொட்டாமல் பார்த்தேன். காரணம் இருந்தது. அங்கே கேட்கப்படப் போகும் ஒரு கேள்வியை எழுதியவன் நான்.

பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பட்ட அவமானத்துக்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம்.

என் வீட்டில் ஒரு ஹெச்.எம். இருப்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — என் மனைவி அரசு நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து செய்யூர் பக்கம் போய் வருகிறார். வீட்டிலும் அதே பதவிதான்.

எஸ்தர் அவருடைய பள்ளியில் சத்துணவு உதவியாளர். கணவர் தேவசகாயம், சவுக்கு வெட்டுகிற வேலை செய்தவர். போன தேர்தல் சமயத்தில் ஒரு விடிகாலை, வெட்டுக்குப் போன தோப்பில் சுடப்பட்டு இறந்துபோனார்.

‘சுடப்பட்டு’ என்று நான் எழுதுகிறேன். போலீஸ் அப்படி எழுதவில்லை.

அவர்கள் எழுதியது இது. தேவசகாயம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியோடு முயல் வேட்டைக்குப் போனார். கால் தடுக்கி விழுந்தார். துப்பாக்கி வெடித்தது. இறந்தார். குற்றவாளியும் அவரே, செத்தவரும் அவரே. ஆகவே வழக்கு முடிந்தது.

எவ்வளவு சுலபம், பாருங்கள்!

உடலுக்குப் பக்கத்தில் ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடந்தது உண்மைதான். வேறு சிலவும் கிடந்தன. வெட்டுக்கத்தி, மிலாறு கட்டுகிற கயிறு, எஸ்தர் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ். மிலாறு என்றால் சவுக்கின் மெல்லிய கிளைகள். அடுப்புக்குக் கட்டிப் போடுவார்களே, அது.

“முயல் சுடப் போறவன் டிபன் பாக்ஸ்ல எலுமிச்ச சாதம் எடுத்துகினு போவானா சார்?” என்று எஸ்தர் முதல் நாளே என்னிடம் கேட்டார்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை ஹெச்.எம். மூலமாக நான் வாங்கிப் படித்தேன். ஈயக் குண்டுகள் பாய்ந்திருந்த இடம் — முதுகு.

தடுக்கி விழுகிறவன் தன் முதுகில் தானே எப்படிச் சுட்டுக்கொள்வான்? எனக்குத் தெரிந்து சர்க்கஸில்கூட அப்படி ஒரு ஐட்டம் கிடையாது.

அந்தச் சவுக்குத் தோப்பின் சொந்தக்காரரிடம் துப்பாக்கி உண்டு. உரிமம் பெற்றது, பளபளவென்று துடைத்து வைத்திருப்பது. வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி இறங்குகிறது என்று வாங்கியது. தேர்தல் அறிவித்தால் இந்த மாதிரி உரிமத் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ரசீது கொடுப்பார்கள். ஓட்டு எண்ணி முடித்து எல்லாம் அடங்கிய பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எல்லா ஊரிலும் நடக்கிற வழக்கம்தான்.

தேவசகாயம் செத்த அன்று தோப்புக்காரரின் துப்பாக்கி ஸ்டேஷன் அலமாரியில் பத்திரமாக இருந்தது. அவர் சட்டைப்பையில் ரசீது இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டினாராம்.

ஆனால் பன்றிக்குத் தேர்தல் தெரியுமா? அது வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது. தோப்புக்காரரின் பம்புசெட் கொட்டகையில் இன்னொரு துப்பாக்கி தொங்கும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு உரிமமும் இல்லை, ரசீதும் இல்லை. இல்லாத காகிதத்தை யார் கேட்பார்கள்? உடலுக்குப் பக்கத்தில் கிடந்தது அந்தத் துப்பாக்கிதான் என்று கூட வெட்டுக்குப் போன இரண்டு பேர் சம்பவத்தன்று பேசினார்கள். மறுநாளிலிருந்து பேசவில்லை. அடுத்த வெட்டும் அதே தோப்பில்தான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எஸ்தர் விடவில்லை. செங்கல்பட்டு கோர்ட்டில் மறுவிசாரணை கேட்டு மனு போட்டார். ஒரு இளம் வக்கீல் அவருக்காக அலைகிறார். மனு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போகிறது.

“உங்களுக்கு என்னதாம்மா வேணும்?” என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். கேட்ட விதம் கொஞ்சம் அதிகாரமாகவே இருந்திருக்கும்.

“யாரயும் தூக்குல போடச் சொல்லல சார். என் வூட்டுக்காரரு துப்பாக்கி எடுத்தவரு இல்ல. அத எழுதணும். பொண்ணு நர்சிங் படிக்குது. ஆஸ்டல்ல கேக்குறாங்களாம், உங்கப்பா துப்பாக்கி வச்சிகினு இருந்தாராமேன்னு. அது லீவுக்குக்கூட ஊருக்கு வர மாட்டேன்னுது. எனக்கு அது ஒண்ணு போதும் சார்.”

ஒரு வரியை அடித்து இன்னொரு வரியை எழுத வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் வாராவாரம் செய்கிற வேலை!

எனக்கு ஒரு எம்.எல்.ஏ. நண்பன் இருக்கிறான். எதிர்க்கட்சி. தொகுதியைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும், சொல்ல மாட்டேன். செங்கல்பட்டில் கல்லூரி நாட்களில் ஒரே அறையில் தங்கினோம். என் சட்டையை அவன் போட்டுக்கொண்டு போவான், அவன் கவிதையை நான் திருத்துவேன். சட்டை பழசானது, கவிதையை அவன் விட்டுவிட்டான். ‘மச்சான்’ மட்டும் மிச்சம்.

அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்லவன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எழுதி அனுப்பு மச்சான், கேள்வி போடறேன்” என்றான். ‘செங்கல்பட்டு மாவட்டத்தில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்த அரசு எடுத்துள்ள நடவடிக்கை என்ன?’ என்று சட்டமன்றச் செயலகத்தில் ஒரு கேள்வியைக் கொடுத்தான். பட்டியலிலும் வந்துவிட்டது. அமைச்சர் அதற்குப் பதில் சொன்னதும் எழுந்து ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். தேவசகாயம் அந்தத் துணைக் கேள்விக்குள்தான் வர வேண்டும்.

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவன் வந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் உட்கார்ந்தோம். கூட அவனுடைய பி.ஏ.வும் இருந்தார். கட்சி மாறினாலும் ஆள் மாறாமல் பல எம்.எல்.ஏ.க்களைப் பார்த்தவர். மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் ஒரு டிராஃப்ட் வைத்திருந்தார்.

‘கூலித் தொழிலாளி ஒருவர் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்த நிகழ்வில், பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் முரண்பாடு இருப்பதை அரசு அறியுமா? அறியுமெனில் கைப்பற்றப்பட்ட துப்பாக்கி தடயவியல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதா?’

படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. என்ன இது, வறட்டுக் காகிதம்? ‘கூலித் தொழிலாளி ஒருவர்’... அவருக்குப் பெயர் இல்லையா? முகம் இல்லையா? இத்தனை வருஷம் பத்தி எழுதுகிறவன் நான். பெயர் இல்லாமல் எழுதினால் யார் மனதில் நிற்கும்?

பேனாவை எடுத்தேன். ‘கூலித் தொழிலாளி ஒருவர்’ போய் தேவசகாயம் வந்தார். எஸ்தர் வந்தார். எலுமிச்சை சாதம் வந்தது. பம்புசெட் கொட்டகை வந்தது. கடைசியில் தோப்புக்காரரின் முழுப்பெயரும் வந்தது.

பி.ஏ. எட்டிப் பார்த்தார். “சார், பேரு வோணாம். மனு கோர்ட்டுல கீது. அதுவும் சபைல இல்லாத ஆள் பேர இழுத்தா மொத்தமா எடுத்துடுவாங்க. மொட்டையா கேட்டாத்தான் சார் பதில் வரும்.”

“மொட்டையா கேட்டா மொட்டையாத்தான் வரும்” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். என் நண்பனும் சிரித்தான். பி.ஏ. சிரிக்கவில்லை. ரசத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

“மச்சான் எழுத்து பத்தி உனக்குத் தெரியாதுய்யா” என்று நண்பன் அவரிடம் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இரண்டு நாள் ஓடியது.

இப்போது மறுபடி புதன்கிழமைக்கு வாருங்கள். அரிசி மூட்டை, செல்போன், எஸ்தர்.

அமைச்சர் எழுந்தார். மாவட்டத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் அனைத்தும் தேர்தலின்போது முறையாக ஒப்படைக்கப்பட்டன, முறையாகத் திருப்பித் தரப்பட்டன என்றார். உரிமம் இல்லாத துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் உரிமம் உள்ளதைப் பற்றிச் சொல்கிறார்... அதற்கு மேசையை வேறு தட்டினார்கள்.

நண்பன் எழுந்தான். கையில் என் காகிதம்.

“பேரவைத் தலைவர் அவர்களே, தேவசகாயம் என்ற சவுக்கு வெட்டும் தொழிலாளி...”

எஸ்தரின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

நண்பன் நன்றாகவே படித்தான். டிபன் பாக்ஸ் வந்தபோது குரல் தழுதழுத்தது. பம்புசெட் வந்தது. பிறகு தோப்புக்காரரின் பெயர் வந்தது. அவ்வளவுதான். எதிர் வரிசையில் நாலைந்து பேர் எழுந்தார்கள். சத்தம். பேரவைத் தலைவர் மணியை அடித்தார்.

“நீதிமன்றத்தில் இருக்கிற விஷயம். அவையில் இல்லாதவரைப் பற்றிச் சொல்கிறீர்கள். உறுப்பினர் பேசியது முழுவதும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. உட்காருங்கள். அடுத்த கேள்வி.”

முதுகில் பாய்ந்த குண்டைப் பற்றி நான் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். க்ளைமாக்ஸ் கடைசியில்தானே வர வேண்டும்? நண்பன் அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

அடுத்த கேள்வி ஏதோ ஒரு ஏரியைத் தூர் வாருவது பற்றி.

எஸ்தர் அழுதுகொண்டிருந்தார். நான் ஆறுதல் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். “சொல்ட்டாரு சார்! அவுரு பேர சொல்ட்டாரு. அவ்ளோ பெரிய எடத்துல...” கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர்களிடம் சொல்ல வெளியே ஓடினார். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

‘நீக்கப்படுகிறது’ என்ற வார்த்தை அவர் காதில் விழவே இல்லை போல. விழுந்திருந்தாலும், காதால் கேட்டதை எப்படி நீக்க முடியும் என்று நினைத்திருப்பார். நியாயம்தானே?

வாசலில் ஹெச்.எம். நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் பேசாமல் இருந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

மதியம் நண்பன் போன் செய்தான்.

“மச்சான், பேஜாரா பூட்ச்சி.”

“பரவால்ல விடு. மறுபடி கேக்கலாம்ல?”

“அதான் முடியாது. இந்தக் கூட்டத்தொடர்ல இதே விஷயத்த மறுபடி எடுக்க வுடமாட்டாங்க. அது கூட இல்ல மச்சான்...” கொஞ்சம் தயங்கினான். “ஆபீசருங்க கேலரில ஃபைலோட ஒருத்தரு வந்து குந்திகினு இருந்தாராம். முரண்பாடு பத்திக் கேட்டா சொல்றதுக்கு பதில் ரெடியா டைப் பண்ணி வச்சிருந்தாங்களாம். பி.ஏ. விசாரிச்சி சொன்னாரு.”

“என்ன பதில்?”

“மறுபடி விசாரிக்க உத்தரவு போடறோம்னு.”

அவனே தொடர்ந்தான்.

“பேர் இல்லாம கேட்டிருந்தா அமைச்சரு அத அப்படியே படிச்சிருப்பாரு. நாம பேரு சொன்னதும் கேள்வியே இல்லன்னு ஆயிடுச்சி. இல்லாத கேள்விக்கு இன்னா பதில் சொல்றது? ஃபைல மூடிகினு எழுந்து பூட்டாராம். உம்மேல தப்பில்ல மச்சான். நாந்தான் யோசிச்சிருக்கணும்.”

உன்மேல் தப்பில்லை என்று ஒருவர் சொல்லும்போதுதான் நமக்கு முழுசாகத் தெரிகிறது, தப்பு யார்மேல் என்று.

யோசித்துப் பாருங்கள். பி.ஏ.வின் வறட்டுக் காகிதத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை. எஸ்தருக்கு வேண்டிய வரி அதற்குள் இருந்தது. பெயர் தேவைப்பட்டது எனக்குத்தான். சபையில் நாலு பேர் உச்சுக்கொட்ட வேண்டும், சாயங்காலம் நண்பன் போன் செய்து, “பின்னிட்ட மச்சான்” என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் துக்கத்தில் நான் என் எழுத்துக்குக் கைதட்டல் தேடினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஹெச்.எம்.மோடு நானும் பஸ் ஏறினேன். எஸ்தரிடம் நானே சொல்வதாகச் சொன்னேன். “வேற யாரு சொல்லுவா?” என்றார் ஹெச்.எம். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். எஸ்தர் குழாயடியில் பெரிய அண்டாவைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. மகளுக்குப் போன் செய்து அப்பா பெயரை அசெம்பிளியில் சொன்னதைச் சொல்லியிருக்கிறார். வக்கீல் தம்பிக்கும் சொல்லியிருக்கிறார். “அந்தப் புக்குல எழுதிருப்பாங்கல்ல சார், அத ஒரு காப்பி வாங்கியாந்தா கோர்ட்டுல குடுக்கலாம்னு நெனச்சேன். வக்கீல் தம்பி இன்னும் ஒண்ணும் சொல்லல” என்றார்.

வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கும் சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பி.ஏ. எழுதிய காகிதம், நான் அடித்தது, எழுதியது, கேலரியில் காத்திருந்த ஃபைல். எதையும் மறைக்கவில்லை. அந்த மட்டும் எனக்கு மரியாதை மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

“அப்போ அந்தப் புக்குல அவுரு பேரு இல்லியா சார்?”

“இல்லம்மா. எடுத்துட்டாங்க.”

அண்டாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினார். என்னிடம் பேசியது மாதிரி இல்லை.

“செத்த மாசமே ரேஷன் கார்டுல அவுரு பேர எடுத்துட்டாங்க. யாரும் கேக்கல, அவங்களே எடுத்துட்டாங்க. ஓட்டு லிஸ்ட்லயும் எடுத்துட்டாங்க. இப்ப இங்கயும் எடுத்துட்டாங்க... துப்பாக்கி வச்சிகினு இருந்தாருன்னு ஒரு பொய்ய எழுதி வச்சிகிறாங்களே, அங்க மட்டும் அவுரு பேரு அப்படியே கீது சார்.”



நம் ஊரில் ஒரு பெயரை நீக்குவதற்கு எவ்வளவு வழி இருக்கிறது! மனு வேண்டாம், சாட்சி வேண்டாம், வாய்தா வேண்டாம். மணியை ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் ஒரே ஒரு பொய்யை நீக்குவதற்கு மட்டும் ஒரு பெண் அண்டா தேய்த்த கையோடு செங்கல்பட்டுக்கும் செய்யூருக்கும் பஸ்ஸில் அலைய வேண்டியிருக்கிறது.

எஸ்தர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். “அடுத்த வாய்தாக்கு ஹெச்.எம். டீச்சர் லீவு குடுப்பாங்களா சார்? கேட்டுச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான். என்னிடம் அவர் வேறு எதையும் கேட்கவில்லை. இனி கேட்கவும் மாட்டார் என்று தோன்றியது.

திரும்பி வரும்போது பஸ் அந்தச் சவுக்குத் தோப்பு ஓரமாகத்தான் வந்தது. வெட்டு நடந்துகொண்டிருந்தது. பம்புசெட் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. வாசலில் வெள்ளை வேட்டியில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பத்தியையும் அவர் படிப்பார். நிம்மதியாகப் படிப்பார்.

கவனித்தீர்களா? இவ்வளவு எழுதியும் அவர் பெயரை நான் எழுதவில்லை.